பீப்பாய்க்கும் ஒரு வரப்பு: பட்டறைத் திரவங்கள் சிந்தாமல் காக்கும் சாதனங்கள்

மோட்டார் பட்டறை இல்லாத ஊர் இன்று மலேசியாவில் இல்லை எனலாம். பட்டணத்துக் கடைவரிசையிலும் தோட்டப்புற முச்சந்தியிலும் ஏதேனும் ஒரு பட்டறை காணப்படும். அங்கே சென்று பார்ப்போமானால், சுவரோரத்தில் நாலைந்து பீப்பாய்கள் நிற்கும். ஒன்றில் புதிய இயந்திர எண்ணெய், இன்னொன்றில் கியர் எண்ணெய், மற்றொன்றில் ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம் என்று இருக்கும். கடைசியில், மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பழைய பீப்பாயில், வண்டிகளிலிருந்து வடித்த கறுப்பெண்ணெய் இருக்கும். அதன் அடியில் தரை கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு ஒரு கோடாக நீண்டு கால்வாயில் போய் முடியும். இந்தக் கோட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். அன்று சிலாங்கூர் ஆற்று நீரில் துர்நாற்றம் கண்டு, சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூன்றும் ரந்தாவ் பஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. பிள்ளைகளும் முதியோரும் வாளிகளுடன் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். ராவாங் வட்டாரத்துச் சுங்கை கோங் ஆற்றில் மாசு கலந்ததே காரணம் என்றும், கனரக இயந்திரங்களைப் பராமரிக்கும் ஓரிடத்திலிருந்து அது வந்தது என்றும் அதிகாரிகள் அப்போது தெரிவித்தார்கள். அது பீப்பாய் ஒழுகியதால் நேர்ந்தது என்று நாம் சொல்லவரவில்லை. பட்டறைத் தரைக்கும் வீட்டுக் குழாய்க்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பதைத்தான் அது காட்டிற்று. சிங்கப்பூரில் இந்தத் தூரம் இன்னும் குறைவு. அத்தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதி. அங்கே சாலையோரக் கால்வாயில் ஓடும் நீர் 17 நீர்த்தேக்கங்களுள் ஒன்றில் சேர்ந்து குடிநீராகிறது.

வயலில் நீர் நிற்க வரப்பு வேண்டும். பீப்பாயில் உள்ளது வெளியே ஓடாதிருக்கவும் ஒரு வரப்பு வேண்டும். பீப்பாயே ஒரு கொள்கலம் அல்லவா, அதற்கு மேலும் ஒரு காப்பு எதற்கு என்றால், பீப்பாய் துருப்பிடிக்கும். தூக்குவண்டியின் முள் குத்தினால் ஓட்டையாகும். அவசரத்தில் திறந்த குழாயை மூட மறப்போம். முதற்காப்பு தவறும்போது பிடித்துக்கொள்வதற்கே இரண்டாங்காப்பு. அதற்கான சாதனங்கள் பலவகை. எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதற்கேள்வி: உள்ளே இருப்பது என்ன?

கடைக்குப் போய், "பீப்பாய் வைக்க ஒரு தட்டுக் கொடுங்கள்" என்று கேட்பது, மருந்துக்கடையில் "ஏதாவது ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பதற்கு ஒப்பாகும். முதலில் பட்டறையில் உள்ள திரவங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் விற்பனையாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. அதில் அத்திரவம் எத்தனை டிகிரியில் தீப்பற்றும் ஆவியைத் தரும், எதனோடு சேரக்கூடாது என்பன எழுதப்பட்டிருக்கும்.

பட்டறைத் திரவங்களை நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் போதும். முதலாவது, எண்ணெய்கள்: இயந்திர எண்ணெய், கியர் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், கறுப்பெண்ணெய். புதிய இயந்திர எண்ணெய் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். எனவே எளிதில் பற்றாது. கறுப்பெண்ணெயை அப்படி நம்புவதற்கில்லை. அதில் பெட்ரோல் கலந்திருக்கக்கூடும். இரண்டாவது, எளிதில் தீப்பற்றுவன: பெட்ரோல், தின்னர் முதலியன. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடுவது. நம் நாட்டு நண்பகல் வெயிலில் அது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, நீரோடு கலப்பன: குளிர்விப்புத் திரவமும் பிரேக் திரவமும். குளிர்விப்புத் திரவத்தில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் தேங்கியதை நக்கி நாய்கள் சாவதுண்டு. நான்காவது, அரிப்பன: பேட்டரி அமிலமும், கறை நீக்கும் காரத் திரவங்களும்.

இந்த நான்கு கூட்டத்தாரையும் ஒரே தொட்டியின் மேல் குடியேற்றக் கூடாது. அமிலமும் காரமும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். வெளுப்புத் திரவத்தோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் தூளின் மேல் பிரேக் திரவம் சிந்தினால், தீக்குச்சி இல்லாமலே சிறிது நேரத்தில் தீப்பிடிக்கும். ஏந்து தொட்டியின் வேலை சிந்தியதை ஒன்று சேர்ப்பது. சேரக்கூடாதவற்றையும் அது சேர்த்து வைத்துவிடும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாங்கேள்வி: தொட்டி எதனால் ஆனது?

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு: இரும்புத் தகட்டால் ஆனவை, பாலி எத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக்குத் துருவில்லை, அமிலமும் காரமும் அதை அரிப்பதில்லை. எனவே பேட்டரி அமிலம், குளிர்விப்புத் திரவம், கறைநீக்கி ஆகியவற்றுக்கு அது ஏற்றது. எண்ணெய்க்கும் பொருந்தும். ஆயினும் தின்னரில் உள்ள டொலுவீன், சைலீன் போன்றவை நாட்பட அதை ஊறவைத்து இளக்கிவிடும். அன்றியும், பெட்ரோலையும் தின்னரையும் ஊற்றும்போதும் இறைக்கும்போதும் நிலைமின்சாரம் உண்டாகிறது. பிளாஸ்டிக் அம்மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தாது. ஒரு பொறி போதும். ஆகவே தீப்பற்றும் திரவங்களுக்கு இரும்புத் தொட்டியே வேண்டும். அத்தொட்டியை மண்ணோடு இணைக்கும் கம்பியும், பீப்பாயையும் ஊற்றும் கலத்தையும் பிணைக்கும் கம்பியும் அவசியம்.

இரும்புக்கும் குறையுண்டு. அமிலம் அதைத் தின்றுவிடும். துத்தநாகம் பூசிய தகடானால் அமிலம் பட்டவுடன் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பிளாஸ்டிக்குக்கு வெயில் பகை. நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் வெளிறி, வெடிப்பு விடும். வெயில் தாங்கும் சேர்மானம் கலந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாங்கேள்வி: எவ்வளவு கொள்ள வேண்டும்?

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நாம் வழக்கமாகக் காணும் பீப்பாய் பழைய கணக்கில் 44 காலன். இன்றைய கணக்கில் சற்றேறக்குறைய 200 லிட்டர். கடையில் கிடைக்கும் ஆழமற்ற தட்டு பல சமயம் 20 அல்லது 30 லிட்டர்தான் கொள்ளும். குழாயில் சொட்டுவதை ஏந்த அது போதும். பீப்பாய் ஓட்டையானால் போதாது. சொட்டுத் தட்டு வேறு, ஏந்து தொட்டி வேறு.

எவ்வளவு கொள்ள வேண்டும் என்பதற்குப் பல நாடுகளில் விதிகள் உண்டு. பிரிட்டனில் பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு இது: உள்ளதில் பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 விழுக்காடு, அல்லது எல்லாக் கலங்களின் மொத்தக் கொள்ளளவில் 25 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அது. அமெரிக்காவில் அபாயக் கழிவுப் பீப்பாய்களுக்கான விதி, பெரிய கலத்தின் முழு அளவு அல்லது மொத்தத்தில் 10 விழுக்காடு, இவற்றுள் அதிகமானது என்கிறது. நமக்கு முன்னதைப் பின்பற்றுவது நலம், அது கடுமையானது.

கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு பீப்பாய்கள் என்றால் மொத்தம் 800 லிட்டர். அதில் 25 விழுக்காடு 200 லிட்டர். ஒரு பீப்பாயின் 110 விழுக்காடு 220 லிட்டர். ஆகவே 220 லிட்டராவது கொள்ள வேண்டும். நான்கு பீப்பாய்கள் நிற்கும் பேலட் வடிவத் தொட்டி 1.3 மீட்டர் சதுரமாகவும் உட்புறம் 15 செ.மீ. ஆழமாகவும் இருந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் பிடிக்கும். அது போதும். ஐந்தாவது பீப்பாய் வந்தவுடன் கணக்கு மாறுகிறது: 1,000 லிட்டரில் 25 விழுக்காடு 250 ஆகிவிடும். எட்டுப் பீப்பாய்களானால் 400 லிட்டர் வேண்டும். பட்டறை வளரும்போது தொட்டியும் வளர வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிமெண்டு வரப்பும் ஒரு மறைந்த பிழையும்

பீப்பாய்கள் நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்குமானால், தரையைச் சுற்றிச் சிறு சுவர் எழுப்புவது சிக்கனம். ஒரு கொத்தனார் செய்துவிடுவார். ஆனால் கணக்கில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரச் சுவர் என்றால் உள்ளளவு 600 லிட்டர். எட்டுப் பீப்பாய்களுக்கு 400 லிட்டர்தானே வேண்டும், இது தாராளம் என்று தோன்றும். அப்படியன்று. பீப்பாய்கள் அந்த இடத்துக்குள்ளேயே நிற்கின்றன. ஒரு பீப்பாயின் குறுக்களவு ஏறத்தாழ 58 செ.மீ.; 10 செ.மீ. உயரம்வரை அது 26 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். எட்டும் சேர்ந்து 211 லிட்டர். மீதி 389 லிட்டர்தான், வேண்டியதற்குக் குறைவு. சுவரை 12 செ.மீ. ஆக்கினால் மொத்தம் 720 லிட்டர். பீப்பாய்கள் அடைப்பது 254. மீதி 466 லிட்டர். இரண்டு செ.மீ. சிமெண்டில் குறை தீர்ந்துவிடும். அல்லது பீப்பாய்களைச் சுவரின் உயரத்துக்குக் கம்பிச்சட்டத்தின் மேல் நிறுத்தலாம். அடியில் சிந்தியது கண்ணுக்கும் தெரியும்.

சிமெண்டு தானாக எண்ணெயைத் தடுக்காது, நாளடைவில் உறிஞ்சும். எண்ணெய் தாங்கும் எபாக்சிப் பூச்சு கொடுக்க வேண்டும். அமிலத்துக்கு வெறும் சிமெண்டு ஆகவே ஆகாது. சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் வெடிப்பு முதலில் காணும். கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கரியால் கோடிட்டு, ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஒழுகுகிறதா என்பது தெரிந்துவிடும். சுவரில் தண்ணீர் வடிய ஒரு துளை வைப்போமே என்று கொத்தனார் சொல்வார்; வேண்டாம். துளை என்று ஒன்று இருந்தால் அது ஒரு நாள் திறந்தே கிடக்கும். தேங்கியதைக் கைப்பம்பால் இறைத்து எடுப்பதே முறை.

மழையென்னும் விருந்தாளி

வெளிநாட்டு விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துச் சாதனம் வாங்குவோர் நம் நாட்டு மழையை மறந்துவிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மேலே சொன்ன 1.3 மீட்டர் சதுரத் தொட்டி கூரையில்லாத இடத்தில் இருந்து, ஒரு மாலை மழை 60 மில்லிமீட்டர் பெய்தால், 100 லிட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அப்போது மீதமுள்ள இடம் 150 லிட்டர். ஒரு பீப்பாய் உடைந்தால் பிடிக்க முடியாது. மூன்று மழையில் தொட்டி நிரம்பி வழியும். எண்ணெய் நீரில் மிதப்பது. ஆதலின் வழியும்போது முதலில் வெளியேறுவது தண்ணீரன்று, நாம் காக்க நினைத்த எண்ணெய்தான். கூரையில்லாத ஏந்து தொட்டி, காப்பு இருக்கிறது என்னும் நம்பிக்கையை மட்டுமே தரும்.

எனவே பீப்பாய்களுக்குக் கூரை வேண்டும். சாரல் அடிக்காதபடி கூரை நீண்டிருக்க வேண்டும். கட்ட வசதியில்லாதோர் மூடியுள்ள தொட்டிகளை வாங்கலாம். எண்ணெய்க்கும் இதனால் நன்மையுண்டு. வெளியில் நிமிர்ந்து நிற்கும் பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து அடைப்பான் வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது தேங்கிய நீரை உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினாலும் இது நடக்கும். பிறகு அந்த எண்ணெயை ஊற்றிய இயந்திரம் கெடும்போது, எண்ணெய்க் கம்பெனியைக் குறை சொல்வோம். வெளியே வைத்தே தீரவேண்டுமானால் பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு அடைப்பான்களும் கடிகாரத்தில் மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் நிலையில் நிறுத்துவது வழக்கம். அப்போது அடைப்பான்கள் எண்ணெயில் நனைந்து, நீரை உள்ளே விடா.

எடையும் கையாளுதலும்

எண்ணெய் நிறைந்த ஒரு பீப்பாய் ஏறத்தாழ 195 கிலோ. குளிர்விப்புத் திரவமானால் 230 கிலோவைத் தாண்டும். நான்கு சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். தொட்டியின் மேலுள்ள கம்பித்தட்டு இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று அதன் மேல் பொறித்திருக்கும் எடையைப் பார்க்க வேண்டும். பீப்பாய்களோடு சேர்த்துத் தூக்குவண்டியால் நகர்த்தலாமா, வெறுந்தொட்டியை மட்டுமே நகர்த்தலாமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பல பிளாஸ்டிக் தொட்டிகள் நின்றபடி தாங்கும் பாரத்தைத் தூக்கும்போது தாங்குவதில்லை.

தூக்குவண்டி இல்லாத சிறு பட்டறையில் பீப்பாயை உருட்டியே கொண்டுவருகிறார்கள். அங்கே 30 செ.மீ. உயரத் தொட்டியை வாங்கிவைத்தால், இருவர் மூச்சுப்பிடித்து ஏற்ற வேண்டிவரும். இடுப்புப் பிடிக்கும், அல்லது பீப்பாய் காலில் விழும். சில நாளில் தொட்டி வெறுமையாகக் கிடக்க, பீப்பாய் பழையபடி தரைக்கே வந்துவிடும். அத்தகைய பட்டறைக்கு உயரம் குறைந்த தொட்டியும் சாய்தளமும், பீப்பாய் தள்ளுவண்டியும் வேண்டும். உயரம் குறையும்போது பரப்பு கூடும் என்பதால் இடத்தை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். பயன்படுத்த எளிதாக இல்லாத பாதுகாப்புச் சாதனம் நெடுநாள் பயன்பாட்டில் இராது என்பது அனுபவம்.

சொட்டுச் சொட்டாகப் போவது

பீப்பாய் ஒரேயடியாக உடைவது அரிது. பெரும்பாலான சிந்தல் அன்றாடம் ஊற்றும்போது ஏற்படுவதே. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கும் பொருந்தும். பீப்பாயைச் சட்டத்தில் படுக்கவைத்துக் குழாய் பொருத்தினால், குழாயின் முனையும், அதன் கீழ் வைக்கும் குவளையும் தொட்டியின் விளிம்புக்கு உள்ளே இருக்க வேண்டும். பல இடங்களில் பீப்பாய் தொட்டிமேல் இருக்கும். குழாய் வெளியே நீட்டிக்கொண்டு தரைமேல் சொட்டும். கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வில்குழாய் விலையில் சற்றே அதிகம். ஆனால் தொலைபேசி மணியடித்து ஆள் ஓடிவிட்டாலும் அது மூடிக்கொள்ளும். நிமிர்ந்த பீப்பாய்க்குக் கைப்பம்பு நல்லது. கறுப்பெண்ணெய் ஊற்றுவதற்கு, பீப்பாயின் தலை முழுவதையும் மூடும் அகன்ற புனல் உண்டு. மூடியோடு வருவதாக வாங்க வேண்டும்.

சிந்தியதை உறிஞ்சும் பொருள்களும் அருகிலேயே இருக்க வேண்டும். பொதுவாக வெள்ளை நிற உறிஞ்சுவிரிப்பு எண்ணெயை மட்டும் உறிஞ்சி நீரை விலக்கும். மழையிலும் கால்வாயிலும் பயன்படும். சாம்பல் நிறத்தது எண்ணெய், குளிர்விப்புத் திரவம் இரண்டையும் உறிஞ்சும். மஞ்சள் நிறத்தது அமிலம் முதலியவற்றுக்கு. நம் பட்டறைகளில் வழக்கமான மரத்தூள் எண்ணெய்க்கு ஆகும். பெட்ரோலுக்கும் வெளுப்புத் திரவத்துக்கும் ஆகாது, தானே எரியக்கூடியது. கால்வாய் வாயை உடனே அடைக்க ஒரு ரப்பர் விரிப்போ மணல்மூட்டைகளோ தயாராக இருக்கட்டும். இவற்றைப் பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவதில் பயனில்லை.

பணம் குறைந்தவர் என்ன செய்வது?

இத்தனையும் விலைகொடுத்து வாங்கச் சிறு பட்டறைக்காரரால் இயலுமா என்ற கேள்வி நியாயமானது. பட்டறைக்காரரிடம் ஒரு செல்வம் உண்டு: பற்றுவைக்கும் கருவியும் அதை ஆளும் கையும். 3 மி.மீ. இரும்புத் தகட்டில் 1.3 மீட்டர் சதுரமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை அவரே செய்துகொள்ளலாம். அது ஏறத்தாழ 58 கிலோ எடை வரும். அடியில் கால்கள் வைத்துத் தரையிலிருந்து சற்று உயர்த்தினால் துருப்பிடிப்பது தெரியும். மேலே கம்பித்தட்டு, உள்ளே சாயம், நீர் ஊற்றிச் சோதனை, அவ்வளவுதான். எண்ணெய்ப் பீப்பாய் நான்குக்கு அது போதுமானது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். பழைய பீப்பாயை நெடுக்காக வெட்டித் தொட்டியாக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அதில் இரண்டு தீமைகள். அரைப்பீப்பாய் 100 லிட்டர்தான் கொள்ளும். முழுப்பீப்பாய் உடைந்தால் பாதி தரையில். அதைவிடக் கொடியது வெட்டும்போது நேர்வது. காலியான பீப்பாய் உண்மையில் காலியன்று. அதில் ஆவி நிறைந்திருக்கும். வாயுச்சுடரோ அரைக்கும் சக்கரத்தின் பொறியோ பட்டால் அது வெடிகுண்டு. இவ்விதம் கைகால் இழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் பல நாடுகளில் உண்டு. திரவம் நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய்க்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

தீயும் சட்டமும்

சிந்துகாப்பைப் பற்றி உலகம் விழித்துக்கொண்டதற்கு ஒரு பெருந்தீயும் காரணம். 1986-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே சுவைசர்ஹாலே என்னுமிடத்தில் இரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரைத் தேக்கிவைக்க அங்கே போதிய தொட்டி இல்லை. பூச்சிமருந்துகளைச் சுமந்துகொண்டு அந்நீர் ரைன் ஆற்றில் பாய்ந்தது, ஆறு சிவந்தது, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. எரிந்த கிடங்கு செய்த தீங்கைவிட, ஓடிய நீர் செய்த தீங்கு நெடுந்தூரம் சென்றது. ஆகவே தீப்பற்றும் திரவம் வைப்போர், அணைக்கும் நீர் எங்கே ஓடும் என்பதையும் யோசிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஏந்து தொட்டியிலேயே தேங்கி நிற்கும். அத்தகைய சரக்கைப் பீப்பாய்க் கணக்கில் சேர்த்து வைக்காமல், தேவையான அளவு மட்டும் இரும்பு அலமாரியில் வைப்பது அறிவுடைமை.

மலேசியாவில் இது வெறும் புத்திமதியன்று, சட்டம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த அட்டவணைக் கழிவு விதிகள், கழித்த இயந்திர எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்றும், ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 306 என்றும், எண்ணெய் துடைத்த துணி, வடிகட்டி போன்றவற்றுக்கு எஸ்.டபிள்யூ. 410 என்றும் எண் தந்திருக்கின்றன. இவற்றை 20 டன்னுக்கு மேற்படாமல், 180 நாட்களுக்கு மேற்படாமல் வைத்திருந்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே கறுப்பெண்ணெயை உறிஞ்சிய மரத்தூளும் விரிப்பும் சாதாரணக் குப்பையல்ல. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம், சில குற்றங்களுக்கு விதிக்கத்தக்க உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறது. ஒரு நல்ல ஏந்து தொட்டியின் விலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மலிவு என்பது விளங்கும்.

ஒரு பட்டறைக்குத் திட்டம்

இதுவரை சொன்னவற்றை ஒரு பட்டறைக்குப் பொருத்திப் பார்ப்போம். அங்கே இயந்திர எண்ணெய் இரண்டு, கியர் எண்ணெய் ஒன்று, ஹைட்ராலிக் எண்ணெய் ஒன்று, கறுப்பெண்ணெய் மூன்று, குளிர்விப்புத் திரவம் ஒன்று என எட்டுப் பீப்பாய்கள். சில தகரம் தின்னர். இரண்டு பிளாஸ்டிக் கலங்களில் பேட்டரி அமிலம். எட்டுப் பீப்பாய்களையும் கூரையின் கீழ், 12 செ.மீ. உயரமுள்ள பூச்சிட்ட சிமெண்டு வரப்புக்குள் வைக்கலாம். எண்ணெயும் குளிர்விப்புத் திரவமும் ஒன்றையொன்று தாக்குவனவல்ல. ஆயினும் குளிர்விப்புத் திரவத்துக்கு உள்ளே தனித் தொட்டி இருந்தால் துப்புரவு எளிது. அத்தொட்டி அடைக்கும் இடத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். தின்னர் இரும்பு அலமாரியில். அதன் அடித்தட்டு சிந்தியதை ஏந்துவதாக இருக்கட்டும். அமிலம் தனியே, பிளாஸ்டிக் தொட்டியில், காரத்துக்கு எட்டாத தூரத்தில். உறிஞ்சுவிரிப்புப் பெட்டி வாசலருகே. வாரம் ஒருமுறை ஒருவர் குனிந்து பார்த்து, தொட்டியில் தேங்கியதை எடுத்து, தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குக் காசு செலவில்லை. பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுவே.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நெடுங்காலமாக ஒரு கணக்குச் சொல்லிவருகிறது: ஒரே ஒரு காலன் கழித்த எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது. நம் சுவரோரத்துப் பீப்பாயில் இருப்பதோ 44 காலன். அதிலிருந்து வழிந்த கறுப்புக் கோடு கால்வாயில் முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து பட்டறைக்காரரின் வீட்டுச் சமையற்கட்டுக்குமே அது வந்து சேரும். அந்தக் கோட்டைப் பட்டறை வாசலுக்குள்ளேயே நிறுத்துவதற்கு வேண்டியது, முறையாகக் கணக்கிட்ட ஒரு தொட்டியும், அதன் மேல் ஒரு கூரையும், வாரம் ஒருமுறை குனிந்து பார்க்கும் ஒருவருமே.